விரல் நின்ற இடம்

தோல் தொழிற்சாலையில் அவருக்கு நீதிபதி என்று பெயர். அங்கியும் சுத்தியலும் இல்லாத நீதிபதி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்திலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் ஏப்ரன், காதோரம் செருகிய மெழுகுப் பென்சில், இவ்வளவுதான் அவருடைய பரிவாரம். பாதி பதப்பட்டு நீலம் பாய்ந்து வரும் மாட்டுத் தோலை இரண்டு பேர் மேசைமேல் விரித்துப் போடுவார்கள். அவர் வலது கையின் நான்கு விரல்களையும் கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை ஓட்டுவார். முள்கம்பி கீறிய இடம், உண்ணி கடித்த இடம், இன்னொரு மாடு கொம்பால் உரசிய இடம், எல்லாம் எப்போதோ ஆறிப்போனவை. கண்ணுக்குத் தப்பியதும் அந்த விரலுக்குத் தப்பாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூலையில் ரகத்தை எழுதிவிட்டு அடுத்த தோலை விரிக்கச் சொல்வார். முப்பது வருஷத்தில் எழுதிய எண்ணை அவர் அழித்தது கிடையாது. அழிப்பதற்கு என் மேசையில் துணியே இல்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

தோல் விற்க வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? மூன்று என்று எழுதினால் சண்டைக்கு வருவார்கள். அதற்கும் அங்கே ஒரு முறை உண்டு. நீதிபதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். விற்கிறவர் தோலை எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். பிறகு நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு வந்து கையை வைப்பார். ஓடுகிற விரல் ஓரிடத்தில் தானாக நின்றால் அது குறை, எழுதியது எழுதியதுதான். நிற்காமல் ஓடிப்போய், திரும்பி வந்து தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் அது குறையே இல்லை. எண்ணை அழித்துவிட்டு மேல் ரகம் எழுத வேண்டும். இந்த விதியைப் போட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது, மீறியவரும் யாரும் இல்லை. நீதிபதி இதுவரை ஒரு தடவைகூடத் தேடியதில்லை.

வீட்டிலும் அந்த விரல்களுக்கு ராஜ மரியாதை. சூடான பாத்திரத்தைத் தொட மாட்டார். சோப்புத் தண்ணீரில் கை வைக்க மாட்டார். கேட்டால், "விரல் மரத்துப் போயிடும்" என்பார். தபால் நிலையத்தில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு வரும் அவர் மனைவி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"முப்பது வருஷமா விரலைக் காட்டியே பாத்திரம் கழுவாம தப்பிச்ச மனுஷன் உலகத்துலேயே இவர் ஒருத்தர்தான்."

இவர்களுக்கு ஒரே மகள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள், அதிலும் தண்ணீரைக் கண்டாலே அலறுகிற ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு. முதல் வாரம் நீச்சல் என்று எதுவும் நடக்காது. குளத்தின் ஓரமாக ஓடும் கம்பியைக் குழந்தைகள் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கையைக் கம்பியிலிருந்து விடுவிப்பதுதான் பாதிப் பாடம். பிடித்து இழுத்தால் காரியம் கெட்டது. குழந்தையின் கண்ணுக்கு நேராக, தண்ணீர் மட்டத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முகம் பழகிப்போய், அதை நம்பித்தான் கை ஒருநாள் கம்பியை விடும். "பயந்துபோய் தண்ணிக்குள்ள நிக்கிற குழந்தைக்கு என் மூஞ்சிதான்ப்பா தரை" என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னாள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் தொழிற்சாலையில் நாலு பேரிடம் சொன்னார்.

அடிபட்டதும் அந்த முகத்தில்தான். ஒரு காலையில் ஈரத் தரையில் கால் வழுக்கி, படியின் விளிம்பில் தாடை மோதியது. வலது பக்கத் தாடை வளைவிலிருந்து மோவாயை நோக்கி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, ஏழு தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை, பல்லுக்கு ஒன்றும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் கட்டுப் போடும் சிஸ்டருக்குப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இரண்டாம் நாள் காயம் வீங்கிச் சூடாக இருந்தபோது வீடே கலங்கியது. "வீங்கட்டும், உள்ளே குப்பை அள்ளுறாங்க" என்று சிஸ்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான்காம் நாள் அரிப்பெடுத்தது. மகள் கையைத் தூக்கினாள். சிஸ்டர் அந்தக் கையைப் பட்டென்று தட்டினார்.

"அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம். சொறிஞ்சா திரும்ப முதல்ல இருந்து."

"கொஞ்சம் காத்தாட விடலாமே சிஸ்டர், காய்ஞ்சாத்தானே ஆறும்?" என்று அம்மா கேட்டார்.

"காயவே கூடாதும்மா. களிம்பு தடவி ஈரமாவே வைங்க. புதுத் தோல் ஓரத்துல இருந்து நகர்ந்து நகர்ந்து வருது. பக்கு கட்டிட்டா அதுக்கு அடியில சுரங்கம் தோண்டிக்கிட்டுல வரணும், பாவம்."

ஆறாம் நாள் தையலைப் பிரித்தார்கள். கடைசி நூலை உருவும்போது சிஸ்டர், "இதோட முடிஞ்சதுன்னு நினைச்சுக்காதீங்க. இப்பத்தான் வேலையே ஆரம்பம்" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நூல் போன சந்தோஷத்தில் மூன்று பேரும் காதில் வாங்கவில்லை.

நீதிபதி தீர்ப்புச் சொன்னது ஆறாவது வாரத்தில். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து மூவரும் மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தழும்பு அப்போது செக்கச்செவேலென்று, தொட்டால் தடித்து, கயிறு ஒட்டியது போல இருந்தது. மகள் நல்ல மனநிலையில் இருந்தாள். மோவாயைத் தூக்கிக் காட்டி, "அப்பா, இது என்ன ரகம்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவரும் விளையாட்டாகத்தான் கையை நீட்டினார். ஆனால் விரல் தோல்மேல் பட்டதும் முப்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. விரல் ஓடியது, நின்றது.

"மூணு" என்றார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தக் கதைதான். "இது இப்படியேதான் இருக்கும்டா. நான் லட்சம் தழும்பு பாத்திருக்கேன், ஒண்ணுகூட மாறிப் பாத்ததில்ல. தழும்புன்னா தழும்புதான்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் மனைவி மேசைக்கு அடியில் காலை மிதித்தார். மிதி விழுந்தபோது வார்த்தை வெளியே வந்துவிட்டிருந்தது.

மகள் சிரித்தாள். "சரி, செருப்புக்குக்கூட லாயக்கில்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து தட்டுகளை அடுக்கினாள்.

காயம் ஆறும் வரை தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதால் குளத்தில் அவளை அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்திருந்தார்கள். தீர்ப்புச் சொன்ன அடுத்த வாரம் கிளினிக்கில் தண்ணீரில் இறங்கலாம் என்றார்கள். அவள் இறங்கவில்லை. ஜன்னலில் ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்களுக்குக் கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டானாம். அதை வீட்டில் சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாளிலிருந்து ஜன்னலில் இடது கன்னம் மட்டும் தெரியும்படி திரும்பி உட்கார ஆரம்பித்தாள். வலது கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு பேசுகிற பழக்கம் வந்தது. அவளுடைய குழந்தைகளை வேறொரு பயிற்சியாளர் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார்.

"ஜன்னல் நல்லாத்தான் இருக்கு. தலைமுடி நனையாது" என்றாள்.

"ஏன்டா, குழந்தைங்க?" என்று அம்மா கேட்டதற்கு அவள் ரொம்பச் சாதாரணமாகப் பதில் சொன்னாள்.

"பயந்த குழந்தை முன்னாடி இந்த மூஞ்சியைக் கொண்டுபோய் வைக்கணுமாம்மா? இது போகாதுன்னு அப்பாவே சொல்லிட்டாரு. தோல் விஷயத்துல அப்பா என்னைக்குத் தப்பாச் சொல்லியிருக்காரு?"

நீதிபதி பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டார். தொழிற்சாலையில் இந்தச் சொல்லைக் கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வார். அன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். ஆனாலும் தான் சொன்னது தவறு என்று அப்போதும் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் தோன்றியது.

ஐந்தாம் மாதம் மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வலது கன்னம் வீங்கி, நாற்காலியில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தாள். அம்மா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. நீதிபதி துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து அவள் கன்னத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். கை தாடை வளைவைத் தாண்டி மோவாய்க்குப் போனது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விரல் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்கவில்லை. லேசாகத் தயங்கி, தாண்டிப் போய்விட்டது.

அவர் துணியை வைத்துவிட்டு மறுபடி விரலை ஓட்டினார். கயிறு கயிறாக இல்லை. இறங்கியிருந்தது. சிவப்பும் முன்னைப்போல் கத்தவில்லை.

"என்னப்பா பண்றீங்க, வலிக்குது" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லடா" என்றார்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனார். முப்பது வருஷத்தில் அவர் எடுத்த விடுப்பை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். சிஸ்டர் யாருக்கோ முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், தழும்பு மாறுமா?"

"மாறாம? ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம், சில பேருக்கு ரெண்டு வருஷம்கூட மாறிக்கிட்டே இருக்கும். அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே சார்."

"ஆறு வாரத்துல கயிறு மாதிரி இருந்துச்சே?"

"இருக்கும். கரை உடைஞ்சா முதல்ல என்ன பண்ணுவாங்க? கிடைச்ச மணல் மூட்டையை எல்லாம் தாறுமாறா அடுக்கி அடைப்பாங்க. உடம்பும் அப்படித்தான், அவசரத்துக்கு நாரை வாரிப் போட்டு மூடிடும். தடிப்பாத்தான் தெரியும். அப்புறம் ஆபத்து இல்லைன்னு ஆனதும், போட்டதை ஒவ்வொண்ணா எடுத்துட்டு நிதானமா வரிசையா மாத்திப் போடும். வேலை நடக்குற இடத்துக்குச் சாப்பாடு போகணும்ல, அதுக்காகப் புதுசா ரத்தக் குழாய் இழுத்து விட்டிருக்கும், அதான் சிவப்பு. வேலை குறையக் குறைய அதையும் வாங்கிக்கும், வெளுத்துடும். பழைய தோலாவே ஆயிடுமான்னா ஆகாது. அங்கே முடி முளைக்காது, வேர்க்காது. ஆனா கயிறாவும் இருக்காது."

"நான் லட்சம் தழும்பு பாத்திருக்கேன் சிஸ்டர். ஒண்ணுகூட..."

"நீங்க தோல் ஷாப்புல இருக்கீங்கல்ல?" சிஸ்டர் கட்டின் முனையைக் கடித்துக் கிழித்தார். "நீங்க பாத்ததெல்லாம் செத்த மாட்டோட தழும்பு சார். அங்கே வேலை நின்னு போச்சு. நேத்து எப்படி இருந்துச்சோ நாளைக்கும் அப்படியேதான். இது உசிரோட இருக்குற பொண்ணு."

முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்த ஆள் சத்தமாகச் சிரித்தார். நீதிபதிக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேருந்துகளைப் போக விட்டார். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டில் எது அதிகம் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. மகளின் முகத்தைச் செத்த தோலாகத் தடவிப் பார்த்து எண் போட்டுவிட்டோமே என்பதை நினைக்கும்போது மட்டும் வெட்கம் மேலே வந்தது.

அன்று சாயங்காலமே அவளிடம் சொன்னார். சிஸ்டர் சொன்னது, மணல் மூட்டை, ரத்தக் குழாய், ஒன்றையும் விடவில்லை. மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான்ப்பா."

"நிஜமா சொல்றேன்டா. இறங்கியிருக்கு. என் விரல்..."

"நீங்க எழுதினதை அழிக்க மாட்டீங்கப்பா, அது எனக்குத் தெரியும். இப்ப அழிக்கிறீங்கன்னா பாசத்துல அழிக்கிறீங்க. பரவாயில்ல, நான் ஒண்ணும் அழுதுக்கிட்டு இல்ல. கண்ணாடியில தினம் பாக்குறேனே, எனக்கு அப்படியேதான் தெரியுது."

தினம் பார்க்கிறவர் கண்ணுக்கு வளர்கிற பிள்ளையும் தெரியாது, தேய்கிற செருப்பும் தெரியாது. ஆனால் அதை இவர் எப்படி எடுத்துச் சொல்வது? முப்பது வருஷமாகக் கட்டி எழுப்பிய நல்ல பெயர் குறுக்கே வந்து நின்றது. பேசாமல் படுக்கையறைக்குப் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே அவர் மனைவி வந்து கதவைச் சாத்தினார்.

"அவ பிறக்கும்போது எனக்கு வயித்தைக் கிழிச்சாங்களே, அந்தத் தழும்பு முதல்ல எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

நீதிபதி விழித்தார்.

"செவப்பா, புழு மாதிரி. 'ஐயையோ, அசிங்கமா இருக்கே'ன்னு ஆறு மாசம் புலம்பினேன். இப்ப எப்படி இருக்கு?"

அவர் இன்னும் விழித்தார்.

"வெள்ளையா ஒரு கோடு. விளக்கு வெளிச்சம் சரியா விழுந்தாத்தான் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா பக்கத்துலேயே இருக்கு, பெரிய தோல் நிபுணருக்குத் தெரியல. ஊர் மாட்டுத் தழும்பெல்லாம் மனப்பாடம்!"

"நீயாவது அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே."

"காலை மிதிச்சேன்ல? அதுக்கு மேல என்ன சொல்றது?"

அவர் மனைவி சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. கதவுக்கு வெளியே மகள், "என்ன ரகசியம் அங்கே?" என்று கேட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீதிபதி எழுந்துபோய் யாரும் கேட்காமலே பாத்திரம் கழுவினார். வீட்டில் இருந்த இரண்டு பெண்களும் சமையலறை வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் தழும்பைப் பற்றிப் பேசவில்லை. வெயிலில் போகும்போது குடையைக் கையில் கொடுப்பார், களிம்பு தீர்ந்தால் வாங்கி வைப்பார், அவ்வளவுதான். மகள் ஜன்னலில் இடது கன்னத்தைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். சம்பளம் அதேதான், வேலை சுலபம், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் குழந்தைகள் கதை நின்றுபோனது. யார் கம்பியை விட்டார்கள், யார் தண்ணீர் குடித்தார்கள், யார் தும்மி மூக்கில் தண்ணீர் ஏறியது என்று தினம் சாப்பாட்டுக்கு நடுவே வரும் கதைகள். நீதிபதிக்கு அந்த மேசை இப்போது பெரிதாகத் தெரிந்தது.

பத்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னாள். திங்கட்கிழமை புதிய குழந்தைகள் வகுப்பு ஆரம்பிக்கிறது. தற்காலிகமாக இருக்கிறவரையே நிரந்தரமாக்கிவிடலாமா, இல்லை இவள் திரும்பி வருகிறாளா என்று குளத்து மேனேஜரம்மா கேட்டிருக்கிறார். "இனிமே உனக்காக இடத்தைக் காலியா வைக்க முடியாதும்மா, நாளைக்குள்ள சொல்லு" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல." கைப்பையை நாற்காலியில் மாட்டினாள், எடுத்தாள், மறுபடி மாட்டினாள். நீதிபதி வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை திறந்து பட்டது போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை அவர் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். குளித்துவிட்டு முடியை இழுத்துக் கட்டியிருந்தாள், தாடை முழுக்கத் தெரிந்தது.

"அப்பா, நான் ரகத்தை ஒத்துக்கல. தகராறு பண்றேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"விக்க வர்றவங்க தகராறு பண்ணுவாங்கல்ல? அதே மாதிரி. கண்ணைக் கட்டிக்கிட்டுப் பாருங்க. விதி எனக்குத் தெரியும். பாசம் கீசம் எல்லாம் வேணாம். விரல் என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்க. நின்னுச்சுன்னா நான் ஜன்னல்லயே இருந்துக்கிறேன், அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். நீங்க பொய் சொல்லும்போது உங்க காது அசையும்."

"அது உண்மைதான்" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

நீதிபதி எழுந்து கையைக் கழுவினார். வெந்நீரில் விரல்களைக் கொஞ்ச நேரம் வைத்து, துடைத்து, ஊதினார். குளிர் காலத்தில் தொழிற்சாலையில் செய்கிறபடியே செய்தார். அவர் மனைவி சமையலறைத் துண்டை எடுத்து அவர் கண்ணை இறுக்கிக் கட்டி, அவரைத் தோளைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"மயக்கம் வருதுடி."

"வரட்டும். விதின்னா விதி."

மகள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கையை நீட்டினார். நெற்றி தட்டுப்பட்டது. அங்கிருந்து கன்னம், கன்னத்திலிருந்து தாடை. ஒரு பக்கம் விரலை ஓட்டினார், நிற்கவில்லை. மறுபக்கம் ஓட்டினார். அங்கேயும் நிற்கவில்லை.

இல்லை என்று சொல்லிவிடலாம். காதுகூட அசையாது, ஏனென்றால் ஓட்டிய விரல் நிஜமாகவே நிற்கவில்லை. ஆனால் விதி அரைகுறையாக முடிவதில்லை. அதுவும் இவளிடம் ஒருமுறை அவசரப்பட்டாயிற்று. அவர் திரும்ப வந்தார். முதலில் ஓட்டிய பக்கத்தை இன்னொரு தடவை, மெதுவாக. ஒன்றுமில்லை. மற்ற பக்கத்தை இன்னொரு தடவை, அதைவிட மெதுவாக, ஒவ்வொரு விரலாக. தாடை எலும்பின் வளைவில் நூல் அளவுக்கு ஏதோ ஒன்று சுண்டுவிரலுக்குத் தட்டுப்பட்டது. அங்கேயே வைத்தார்.

"இருக்கு" என்றார்.

விரலுக்கு அடியில் தாடை இறுகுவது அவருக்குத் தெரிந்தது.

"எங்கே?" என்றாள் மகள்.

"வலது பக்கம். வளைவுல ஆரம்பிக்குது."

"அப்ப மூணுதான்." குரலில் அழுகை இல்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்துகொள்ளப் போகிறாள்.

"உட்காரு!" நீதிபதி தொழிற்சாலைக் குரலில் அதட்டினார். வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. "தீர்ப்பு இன்னும் முடியல. விரல் தானா நின்னுச்சா?"

நாற்காலி மறுபடி முன்னால் இழுபட்டது.

"உன்னைத்தான் கேக்குறேன். உன் தோல்மேலதானே ஓடுச்சு? தானா நின்னுச்சா?"

"இல்ல" என்றாள் மகள் மெதுவாக. "திரும்பி வந்தீங்க."

"எதுக்கு வந்தேன்?"

"தேடினீங்க."

"முப்பது வருஷத்துல எத்தனை தடவை தேடியிருக்கேன்?"

அவருடைய விரல் இன்னும் அங்கேதான் இருந்தது. அடியில் முதலில் இறுக்கம் தளர்ந்தது. பிறகு கன்னம் மேலே ஏறியது, தாடை விரிந்தது, அந்த நூலும் மற்ற தோலோடு சேர்ந்து தடங்கல் இல்லாமல் நகர்ந்தது. அவள் சிரிக்கிறாள் என்று கண்ணைக் கட்டிய துண்டுக்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு துணி குடு" என்றார் மனைவியிடம். "ஒரு எண்ணை அழிக்கணும்."

"கண்ணுலதான் கட்டியிருக்கேன், எடுத்துக்குங்க" என்றார் அவர் மனைவி. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

திங்கட்கிழமை நீதிபதி இன்னொரு அரை நாள் விடுப்பு எடுத்தார். குளத்தில் பெற்றோர் உட்காரும் இடத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், ஈர வாடையில் உட்கார்ந்தார். எட்டுக் குழந்தைகள், எட்டும் கம்பியில். அழுகையில் கூரை அதிர்ந்தது. கடைசியில் ஒரு சிறுமி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தாள். மகள் தண்ணீரில் அவள் முன்னால் போய், முகத்தை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றாள். வலது பக்கம் வெளிச்சத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் ஏதோ பேசினாள். சிறுமி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு கதவு வழியாக அவருக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா சொன்னாங்க, உங்களுக்குத் தாடையில ஏழு தையல் போட்டாங்களாமே? எங்கே, காணோமே?"

நீதிபதியின் கை தானாக நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது.

"இருக்கு" என்றாள் மகள், மோவாயைத் தூக்கி. "ஆனா சுலபமாக் கிடைக்காது. எங்கப்பாவே தேடித்தான் கண்டுபிடிச்சாரு. நீ தேடு பாப்போம்."

சிறுமி அந்தத் தாடையை உற்றுப் பார்த்தாள். இன்னொரு கண்ணையும் திறந்தாள். பிறகு தேடுவதற்காக வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரத்தில், அது போதாமல், இடது கையையும் எடுத்தாள்.